சிவமலர் விட்டுச்சென்ற பயம்

சனிக்கிழமை காலை சிட்னியின் கெல்லிவில்லில் என் வீட்டு வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தபோது, கிளென் வேவர்லியிலிருந்து சிவமலரின் மகள் அழைத்தாள். மலரக்கா பேரப்பிள்ளையைப் பார்க்க மெல்பேர்ன் போயிருந்தது எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெண் எனக்கு ஒருநாளும் போன் செய்ததில்லை. ஈரக் கையோடு எடுத்தேன்.

“அங்கிள், அம்மா போயிட்டா. நித்திரையிலயே. காலமை தேத்தண்ணியோட எழுப்பப் போனன்...” என்றவள், மூச்சை இழுத்துக்கொண்டு, “சாரி அங்கிள், இதைத் தமிழில சரியாச் சொல்ல எனக்குத் தெரியேல்ல” என்றாள்.

சரியாகத்தான் சொன்னாய் அம்மா என்று ஆறுதல் கூறியிருக்க வேண்டும். என் வாயில் வந்ததோ வேறு. “அம்மா அந்தப் பதிவை யாருக்காவது அனுப்பிட்டாங்களா?” என்று கேட்டேன். தாயைப் பறிகொடுத்த பெண்ணிடம் கேட்கிற கேள்வியா அது? அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு அந்த நேரத்தில் துக்கம் வரவில்லை, பயம்தான் வந்தது. துக்கம் மெல்பேர்ன் விமானத்தில் ஏறிய பிறகுதான் வந்தது.

அந்தப் பயம் எதைப் பற்றியது என்பதைச் சொல்லாமல் சிவமலருக்கு என்னால் அஞ்சலி எழுத முடியாது. அவரை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஞாயிறு காலைகளில் எங்கள் சமூக வானொலியில் ‘எங்கிருந்து வந்தது?’ என்ற அரை மணி நேர நிகழ்ச்சியைக் கேட்டவர்களுக்கு அந்தக் குரலை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். சிவமலர் வாரநாட்களில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தார். அதற்கு வெகுகாலம் முன்பு, யாழ்ப்பாணப் பக்கத்தில் ஒரு சிறிய பத்திரிகையில் நிருபராக இருந்தார். அங்கே ஒரு கடைக்காரர் சொன்ன செய்தியை அந்தக் கடைக்காரரின் பெயரோடு வெளியிட்டிருக்கிறார். சில நாட்களில் கடை பூட்டப்பட்டது. கடைக்காரர் என்ன ஆனார் என்று நான் கேட்டபோதெல்லாம் மலரக்கா பேச்சை மாற்றிவிடுவார். வானொலியில் தம் சொந்த ஊரின் பெயரை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. உறவுகள் இன்னும் அங்கே இருந்தன.

நான் திருநெல்வேலிக்காரன். வயிற்றுப்பாட்டுக்குக் கணினி வேலை, ஆசைக்கு வானொலியில் ஒலிப்பதிவு வேலை. சுத்தமான பயந்தாங்கொள்ளி. வசந்தம் வந்தால் தலையில் கொத்தும் மேக்பை பறவைக்குப் பயந்து தெருவை மாற்றிப் போகிறவன். இப்படிப்பட்ட ஒருவனை ஏன் கூட வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். “பயம் இல்லாத ஆக்களோட வேலை செய்ய எனக்குப் பயமாக் கிடக்கு, ரவி” என்றார்.

நிகழ்ச்சி பிறந்தது வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு மளிகைக் கடையில். மலரக்கா பொங்கலுக்குக் கஜு வாங்கிக்கொண்டிருந்தார். நான் முந்திரி என்பேன், அவர் கஜு என்பார், அது எங்களுக்குள் ஓயாத சண்டை. அப்போது கடைக்குச் சரக்கு இறக்க வந்த லாரி ஓட்டுநர், அவர் கையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்து பிளாக்டவுனில் குடியிருக்கும் ஜுமா அவர். பொட்டலத்தின் மேல் ஓர் ஆசிய நாட்டின் பெயர் அச்சாகியிருந்தது. “அங்கே இதை உடைத்துப் பொட்டலம் கட்டியிருப்பார்கள். கொட்டை எங்கள் வீட்டு முற்றத்திலிருந்து போனது” என்று ஆங்கிலத்தில் சொன்னார். எங்கள் பக்கத்து ஆட்கள் என்றால் சிரித்துவிட்டுக் கடந்திருப்போம். மலரக்கா அந்த இடத்திலேயே அவரை நிறுத்திவைத்து, முற்றத்தில் எத்தனை மரம், யார் பொறுக்குவார்கள், யார் வந்து வாங்குவார்கள் என்று கேட்கத் தொடங்கிவிட்டார். கடைக்காரர் லாரியை எடுக்கச் சொல்லிக் கத்தும்வரை கேட்டார்.

அடுத்த சில வாரங்களில் பரமட்டாவில் ஒரு மதிய விருந்து. ஆப்பிரிக்காவில் வியாபார வாய்ப்புகள் என்று தலைப்பு. பேசியவர்களில் ஒருவர் என் பக்கத்துத் தெருக்காரர், முந்திரிக்கொட்டை வாங்கி விற்கிறவர். திரையில் கோடுகள் மேலேறின, அம்புகள் கடலைத் தாண்டின. கேள்வி நேரத்தில் மலரக்கா எழுந்தார்.

“மழை பெய்தால் மூட்டையளை எங்க வைக்கிறவை?”

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். பேச்சாளர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். “அதெல்லாம் அங்க லோக்கல்ல பாத்துப்பாங்க, மேடம்.”

திரும்பும் வழியில், கார் வென்ட்வேர்த்வில் வந்த பிறகு மலரக்கா, “லோக்கல் எண்டு ஒரு ஆளும் இல்லை ரவி. மூட்டைக்குப் பக்கத்தில ஒரு மனுசி நிக்கிறா. நாங்கள் அவவோட கதைக்க வேணும்” என்றார். ஆப்பிரிக்க வியாபாரத்தைப் பற்றிச் செய்தி சேகரிக்கக் கற்றுத்தரும் எந்தப் பாடத்திட்டத்திலும் இதைவிட நல்ல ஒரு வரி இருக்குமா என்று எனக்குத் தெரியாது. விலை ஏறியதா இறங்கியதா என்பதைத் துறைமுகத்தில் கேட்டுக்கொள்ளலாம், மழையில் யார் நனைந்தார்கள் என்பதை முற்றத்தில்தான் கேட்க வேண்டும் என்பது அவர் கட்சி.

மூட்டைக்குப் பக்கத்தில் நின்ற அந்த மனுஷி ஜுமாவின் சின்னம்மா. அவரை ஆயிஷா என்று எழுதுகிறேன். அது அவர் பெயர் இல்லை. கிழக்கு ஆப்பிரிக்காவின் கடலோரத்தில் ஓர் ஊர் என்பதற்கு மேல் ஊரைப் பற்றிச் சொல்ல மாட்டேன். ஆயிஷா ஸ்வாஹிலியில் பேசுவார், ஜுமா ஆங்கிலத்தில் சொல்வார், மலரக்கா தமிழில் எழுதுவார். ஜுமாவின் பிளாக்டவுன் ஃபிளாட்டில், சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்து, போனை நடுவில் வைத்து எல்லாவற்றையும் பதிவு செய்தோம்.

ஆயிஷா சொன்னது இதுதான். கொட்டை வாங்கும் முகவர்கள் வெயிலில் வாங்குவதில்லை. மூட்டைகளோடு பெண்களைக் கொள்முதல் முற்றத்தில் காக்க வைப்பார்கள். கூரை கிடையாது. சிறு மழை ஒன்று தூறியதும் கதவைத் திறந்து, கொட்டை ஈரம், தரம் குறைந்துவிட்டது என்று விலையைக் குறைப்பார்கள். திரும்பத் தூக்கிக்கொண்டு போக யாருக்கும் வழி இல்லை. “எங்களுக்கு மேகத்தைப் பார்த்தால் வயிறு கலங்கும். அவர்களுக்கு மேகத்தைப் பார்த்தால் பசி எடுக்கும்” என்றார் ஆயிஷா.

பிறகு அந்த ஞாயிறு வந்தது. நிகழ்ச்சி நேரலை. எங்கள் வானொலியில் அதற்கு முன்பாக மரண அறிவித்தல் வாசிப்பார்கள். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார், இன்னாரின் பாசமிகு தாயாரும் என்று போகும். ஈழத்து நண்பர்களின் இந்த வழக்கம் எனக்கு முதலில் விசித்திரமாக இருந்தது, பிறகு பிடித்துப்போனது. ஒரு மனிதரை அவருடைய ஊரோடும் உறவோடும் சேர்த்துச் சொல்லாமல் அவர்களால் வழியனுப்ப முடியாது. அதை வாரந்தோறும் வாசித்தவர் மலரக்காதான்.

அன்றைக்கு அவர் கையில் இருந்த தாளில் ‘கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு பெண்’ என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் மரண அறிவித்தலை முடித்த அதே மூச்சில் நிகழ்ச்சிக்குள் நுழைந்த அவர் வாய், பழகிய வழியில் போய்விட்டது. ஊர்ப் பெயரைச் சொல்லி, அதைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட, பெண் பிள்ளைகளின் அன்புத் தாயாரும் என்று வாசித்துவிட்டார். ஆளின் பெயரைச் சொல்லவில்லை. மற்ற எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒலிக்கட்டுப்பாட்டில் உட்கார்ந்திருந்த எனக்கும் உறைக்கவில்லை. காதுக்கு அவ்வளவு இயல்பாக இருந்தது.

கவனித்தவர் ஜுமா. அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. சின்னம்மாவின் கதை வருகிறதே என்று லாரியில் வானொலியைப் போட்டுக்கொண்டு போனவர், விளங்காத சொற்களுக்கு நடுவே தம் ஊரின் பெயர் தெளிவாக விழுந்ததைக் கேட்டு, வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் போன் செய்தார். “நீங்கள் ஊரைச் சொன்னீர்களா?” என்றார். மலரக்கா இல்லை என்றார். பிறகு பதிவைப் போட்டுக் கேட்டோம். அவர் முகம் வெளுத்தது. இணையத்திலிருந்து உடனே எடுத்துவிட்டேன். அதற்குள் வாட்ஸ்அப்பில் போய்விட்டது.

அட, தமிழில்தானே சொன்னோம், ஆப்பிரிக்காவில் யார் கேட்கப்போகிறார்கள் என்று நான் சமாதானம் சொன்னேன். மலரக்கா என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன்.

“கொட்டை வாங்கப் போற ஆக்கள் ஆர் ரவி? உங்கட ஊர் ஆக்களும் இருக்கினமே.”

ஸ்வாஹிலியில் சொல்லியிருந்தால் ஊரார் கேட்டிருப்பார்கள். ஆங்கிலத்தில் சொல்லியிருந்தால் யாரும் சட்டை செய்திருக்க மாட்டார்கள். தமிழில் சொன்னதால், அந்தக் கரையில் ஆயிஷாவுக்குத் தீங்கு செய்யக்கூடிய ஆட்களின் காதுக்கு நேராகப் போய்ச் சேர்ந்தது.

அன்று மாலை ஜுமா சின்னம்மாவை அழைத்தார். எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு எண்ணும் அடித்துக்கொண்டே இருந்தது. நாங்கள் தினமும் வேலை முடிந்து பிளாக்டவுனுக்குப் போனோம். ஜுமா இஞ்சி போட்ட தேநீர் வைப்பார், யாரும் குடிக்க மாட்டோம். போன் மேசை நடுவில் கிடக்கும். அது விளம்பர அழைப்புக்காக ஒலித்தாலும் மூன்று பேரும் துள்ளுவோம். என்ன செய்திருப்பார்கள் என்று மனம் ஒவ்வொன்றாகக் காட்டும். கூரைக்குத் தீ வைத்திருப்பார்களா, மகள்களை வழிமறித்திருப்பார்களா? ஜுமா எங்களைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. எண்ணை அழுத்துவதும் காதில் வைப்பதும் கீழே வைப்பதுமாக இருந்தார்.

ஒரு மாலை மலரக்கா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, எங்கள் இருவரையும் பார்க்காமல், “நான் ஒரு மரண அறிவித்தல் வாசிச்சுப்போட்டன் ரவி. ஆள் உயிரோட இருக்கேக்கையே வாசிச்சுப்போட்டன்” என்றார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும்.

கடைசியில் ஆயிஷாவின் குரல் செய்தி வந்தது. உயிரோடு இருந்தார். யாரோ சில ஆண்கள் வாசலில் வந்து நின்று, சிட்னி வரைக்கும் பேசத் தெரிந்த பெண் யார் என்று கேட்டிருக்கிறார்கள். அன்றே மகள்களைக் கூட்டிக்கொண்டு, போனை அணைத்துவிட்டு, தொலைவில் உள்ள உறவுக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறார். அந்தப் பருவத்தில் அவருடைய மூட்டையை எந்த முகவரும் தொடவில்லை. குரலில் நடுக்கம் இல்லை, கோபம் இருந்தது. ஜுமா ஒவ்வொரு வரியாகச் சொன்னார். மலரக்காவுக்கென்று சொன்னது கடைசி வரி: “நீ சொல்லப்போவதை முதலில் எனக்குச் சொல். பிறகு உலகத்துக்குச் சொல்.”

மலரக்கா மன்னிப்புக் கேட்டுப் பதில் அனுப்பினார். அதற்கு ஆயிஷா ஒன்றும் சொல்லவில்லை.

இதற்கு இடையில் என் கதையும் ஒன்று உண்டு. கோயில் கார் நிறுத்துமிடத்தில் முந்திரிக்கொட்டை வாங்கி விற்கும் அந்தப் பக்கத்துத் தெருக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். தோளில் கை போட்டு, சிரித்த முகத்தோடு, “ரவி, நம்ம ஆளுங்க பொழப்புல மண்ணைப் போடாதீங்க. உங்களுக்கும் குடும்பம் இருக்குல்ல?” என்றார். மிரட்டல் என்று சொல்ல முடியாது. அக்கறை என்றும் சொல்ல முடியாது. நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துவிட்டேன். மறுநாள் மலரக்காவிடம் போய், “எனக்குப் பயமா இருக்குக்கா, நான் விலகிக்கிறேன்” என்றேன்.

அவர் என்னைக் கேலி செய்யவில்லை. “எனக்கும் பயம்தான். ஆனால் பயத்தை ஆருக்காகச் செலவழிக்கிறம் எண்டு பாரும். எனக்கு என்ன நடக்கும் எண்டு பயந்தால் வீட்டில இருக்கலாம். அவவுக்கு என்ன நடக்கும் எண்டு பயந்தால் வேலை செய்யலாம்” என்றார். பிறகு, “நீர் போறதெண்டால் போம். ஆனால் அடுத்த நிகழ்ச்சியின்ர ஒலியை வெட்டிப்போட்டுப் போம்” என்று சிரித்தார். நான் போகவில்லை. இருந்ததற்குத் துணிச்சல் காரணம் இல்லை. போனால் இன்னும் அதிகமாகப் பயப்பட வேண்டியிருக்கும் என்று தோன்றியது.

அதற்குப் பிறகு அவர் செய்த எந்த நிகழ்ச்சியும் உரியவருக்கு வாசித்துக் காட்டாமல் காற்றில் ஏறியதில்லை. நேரலையையும் நிறுத்திவிட்டார். கொக்கோ, வனிலா, எள் என்று எதைப் பற்றிச் செய்தாலும், அந்த நாட்டிலிருந்து மேற்கு சிட்னிக்கு வந்து நம் பக்கத்தில் குடியிருக்கும் ஒருவரைத் தேடிப் பிடிப்பார். அவர் வழியாக ஊருக்குப் பேசுவார். செய்து முடித்ததும் முழுவதையும் திரும்ப வாசித்துக் காட்டுவார். செய்தித்துறையில் பெரிய இடத்தில் இருக்கும் நண்பர் ஒருவர், அப்படிக் காட்டினால் அவர்கள் மாற்றச் சொல்வார்கள், செய்தியின் சுதந்திரம் போய்விடும் என்று வாதிட்டார். “உங்கட சுதந்திரம் போனால் நீங்கள் ஒரு கட்டுரை எழுதுவீங்கள். அவையின்ர மூட்டை போனால் அவை என்னத்தை எழுதுறது?” என்று கேட்டார் மலரக்கா. அந்த வாதம் முடியவில்லை என்றுதான் நினைக்கிறேன். நண்பர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆயினும் எங்கள் நிகழ்ச்சியில் ஆயிஷா வைத்த சட்டமே சட்டம்.

போன வருடம் ஆயிஷாவே அழைத்தார். கொள்முதல் முற்றத்துக்குப் பக்கத்தில் ஊர்ப் பெண்கள் சேர்ந்து தகரக் கொட்டகை போட்டிருக்கிறார்கள். இப்போது மூட்டைகள் நனைவதில்லை. முகவர்கள் கொட்டகையைப் பிரிக்கச் சொல்லி மிரட்டுகிறார்கள். “இதை உலகத்துக்குச் சொல்ல வேண்டும். எங்களை மட்டும் சொல்லாதே” என்றார். சொல்வது எளிது. ஊரைச் சொல்லாமல், ஆளைக் காட்டாமல், கூரையைப் பற்றி எப்படிச் சொல்வது? மலரக்கா பல மாதங்கள் அதில் உழைத்தார். மெல்பேர்ன் புறப்படுவதற்கு முந்தின ஞாயிறு தம் குரலில் முழுவதையும் பதிவு செய்து முடித்தார். “வந்தாப் பிறகு ஆயிஷாவுக்குப் போட்டுக் காட்டுவம். அதுவரைக்கும் ஒருத்தருக்கும் குடுக்காதையும். நான் போயிட்டு வாறன்” என்றார்.

அவர் வரவில்லை. அதனால்தான் கார் கழுவிய கையோடு அந்த அபத்தமான கேள்வியைக் கேட்டேன்.

நான் பயந்தது போலவே நடந்தது. வானொலி நண்பர்கள் துக்கம் தாங்காமல், வரும் ஞாயிறே மலரின் கடைசி நிகழ்ச்சியை அஞ்சலியாக ஒலிபரப்புவோம் என்று முடிவெடுத்தார்கள். அன்பினால்தான் செய்தார்கள். அறிவிப்பும் போய்விட்டது. நான் முடியாது என்றேன். “ரவி, அவவின்ர கடைசிக் குரலைச் சனத்திட்ட இருந்து மறிக்க நீங்கள் ஆர்?” என்று ஒருவர் கேட்டார். மலரக்கா யாருக்கும் அனுப்பியிருக்கவில்லை, பதிவு என் கணினியில் மட்டுமே இருந்தது, நான் தரவில்லை. அந்த ஞாயிறு பழைய நிகழ்ச்சி ஒன்றைப் போட்டார்கள். சிலர் இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

மெல்பேர்னில் எல்லாம் முடிந்து திரும்பியதும் நானும் ஜுமாவும் பிளாக்டவுனில் அதே மேசையில் உட்கார்ந்தோம். மலரக்காவின் கதிரையை ஜுமா நகர்த்தவில்லை. ஆயிஷாவுக்குச் செய்தியை முன்பே சொல்லியிருந்தார்.

ஆயிஷா வாசித்துக் காட்டலைக் கேட்கும் முறை ஒன்று உண்டு. மொழிபெயர்ப்பு பிறகுதான். முதலில் தமிழிலேயே முழுவதையும் கேட்பார். ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் கேட்பார், ஏனென்றால் அந்த ஆட்கள் கேட்கப்போவது தமிழில்தான். விளங்காத ஓசைகளுக்குள் தமக்குத் தெரிந்த பெயர் ஏதாவது வந்து விழுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார்.

பதிவைப் போட்டேன். இறந்தவரின் குரல் அந்த அறையில் பேசத் தொடங்கியது. ஜுமா கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது, ஆனாலும் அழ முடியாத அளவுக்குப் பயம். எங்காவது ஒரு சொல் தவறியிருந்தால்? மலரக்கா ஊரை மீண்டும் சொல்லியிருந்தால்? நான் பலமுறை கேட்ட பதிவுதான். முன்பும் என் காது கேட்டுக்கொண்டுதானே இருந்தது!

நடுவில் ஆயிஷா நிறுத்தச் சொன்னார்.

“அந்தச் சத்தம்” என்றார்.

பின்னணியில் ஒரு சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. அது என்ன சத்தம் என்பதை இங்கே மாற்றித்தான் எழுதுகிறேன். இருமி இருமி ஓடும் ஒரு பழைய அரவை எந்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிஷாவின் போன் வழியாக வந்த அந்த ஒலியை நான்தான் சுத்தம் செய்து, மலரக்காவின் குரலுக்கு அடியில் மெலிதாக ஓடவிட்டிருந்தேன். இவ்வளவு காலத்தில் நான் செய்த ஒலிவேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. மலரக்காவும் கேட்டுவிட்டு, “வடிவாக் கிடக்கு ரவி” என்றிருந்தார்.

“இந்தக் கரையில் அப்படி இருமும் எந்திரம் அது ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் எங்கள் ஊர் என்று சொல்லிவிடுவார்கள்” என்றார் ஆயிஷா.

அவர் கண்ணெதிரே என்று சொல்ல முடியாது, அவர் காதெதிரே அந்தச் சத்தத்தை வெட்டி எடுத்தேன். வெட்டிய பிறகு மலரக்காவின் குரல் தனியாக, வெறுமையாக நின்றது. முதலிலிருந்து மீண்டும் போட்டேன். இந்த முறை ஆயிஷா எங்கும் நிறுத்தச் சொல்லவில்லை. முடிந்ததும் ஏதோ சொன்னார். ஜுமாவால் உடனே மொழிபெயர்க்க முடியவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வந்து சொன்னார்: “முழுவதும் கேட்டேன். அவள் எங்களைச் சொல்லவில்லை.”

மலரக்கா அன்று கேட்ட மன்னிப்புக்கு ஆயிஷா அளித்த பதிலாகவே அதை எடுத்துக்கொண்டேன். கேட்க வேண்டியவர்தான் அங்கே இல்லை.

நிகழ்ச்சி அடுத்த ஞாயிறு ஒலிபரப்பானது. கேட்டிருப்பீர்கள். கொட்டகை இன்னும் நிற்கிறது. நாளை நிற்குமா என்று தெரியாது. வானத்தில் மேகம் கூடினால், கெல்லிவில்லில் துணி உலர்த்தும் எனக்கும் இப்போது வயிறு கலங்குகிறது.

மலரக்காவின் கதிரையில் இனி யார் உட்கார்வது என்று கேட்கிறார்கள். எனக்கு அவருடைய கேள்வி கேட்கும் திறமை இல்லை. குரலும் இல்லை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான், அவருடைய பயம். எனக்குச் சொந்தமாக ஏராளம் இருந்தது, ஆனால் அது என்னைச் சுற்றியே வந்துகொண்டிருந்தது. அவருடைய பயத்துக்கு வேறோர் ஆளின் முகம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஞாயிறுதோறும் உட்காரலாம் என்று இருக்கிறேன்.

மகள் மரண அறிவித்தல் கொடுத்தபோது, பிறப்பிடத்துக்கான இடத்தை வெறுமையாக விட்டிருந்தாள். “அம்மா ஒருநாளும் சொல்ல விடமாட்டா அங்கிள். போடவா, விடவா?” என்று கேட்டாள். அங்கே அவருக்கு இருந்த கடைசி உறவும் கனடாவுக்குப் போய்விட்டது என்றும் சொன்னாள். போடு அம்மா என்றேன். வானொலியில் அதை நான்தான் வாசித்தேன். குரல் உடைந்துதான் வாசித்தேன்.

இந்த அஞ்சலியையும் அச்சுக்குக் கொடுக்குமுன் ஆயிஷாவுக்கு வாசித்துக் காட்டினேன். முதலில் தமிழில், பிறகு ஜுமா வழியாக. ஒரு பத்தியை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன். நன்றாக வந்திருந்த பத்தி, என்ன செய்வது? பிளாக்டவுன், வென்ட்வேர்த்வில் எல்லாம் ஜுமா வாயால் அவருக்குப் பழகிய பெயர்கள், அவற்றைத் தாண்டிப் போகவிட்டார். கடைசியில், அளவெட்டியைப் பிறப்பிடமாகக் கொண்ட சிவமலர் என்று நான் வாசித்த இடத்தில் மட்டும் சட்டென்று நிறுத்தினார். தம் ஊரின் பெயரோடு அன்று ஒலித்த ‘பிறப்பிடமாக’ என்ற ஓசையை அவர் மறந்திருக்கவில்லை.

“அது ஓர் ஊரின் பெயர்தானே?” என்றார். குரலில் பழைய பதற்றம். “யாருடைய ஊர்?”

“மலருடைய ஊர்” என்றேன்.

“சொல்லலாமா?”

ஜுமா என்னைப் பார்த்தார்.

“சொல்லலாம்” என்றேன். “இனிச் சொல்லலாம்.”